பெண்கள் பக்கத்துப் படம்

மத்தியானம் மூன்று மணிக்கு மேல் காட்டூரில் காற்று நின்றுவிடும். தஞ்சாவூர் ரோட்டில் போகிற பஸ்களின் ஹாரன் மட்டும் மாடி வரைக்கும் ஏறி வரும். வஹீதா கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, டேபிள் ஃபேனை அதன் திறந்த வயிற்றுக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தாள். அவளுக்குக் காற்று இல்லை. துப்பட்டாவின் நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரையில் ஒரு மணப்பெண்ணின் கை, மருதாணிக்கு நீட்டியபடி, அந்தரத்தில் நின்றுபோயிருந்தது. சுற்றி உட்கார்ந்து பைத் பாடிக்கொண்டிருந்த பெண்களின் வாய்கள் பாதி திறந்திருந்தன. பாட்டு மட்டும் இரண்டு சொல் முன்னால் போய், பிறகு அதுவும் நின்றது. வஹீதா மவுஸைத் தொடவில்லை. தொட்டால் எல்லாமே உறைந்துபோகும். அந்தக் கை இறங்குவதற்காகக் காத்திருந்தாள்.

மணப்பெண் ஆலியா, பாலக்கரை சபுரா பீவியின் மூத்த மகள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை ஹாலித்தோடு தோஹாவுக்குப் போகிறாள். அவள் விமானம் ஏறுவதற்குள் நலங்கும் மருதாணியும் கழுத்தில் கருகமணி கட்டியதும் ஒரே படமாகக் கையில் வந்துவிட வேண்டும் என்று சபுரா பீவி சொல்லியிருந்தாள். வஹீதாவும் சரி என்றிருந்தாள். இப்போது இரண்டு நிமிஷப் படத்தை வெட்டி ஒட்டுவதற்கு ஒரு மத்தியானம் போய்விடுகிறது.

திருச்சியில் கல்யாண வீடியோ எடுக்கிறவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்தில் பெண்கள் பக்கத்துக்குள் போகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். வாசலில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்து வருகிறவர்களின் செல்போன்களை எல்லாம் வாங்கிப் போட்டுவிடுவார்கள். உள்ளே முக்காடு இறங்கும், கொண்டை அவிழும், மாப்பிள்ளை வீட்டைக் கேலி செய்து பாட்டு எழும். அந்தக் கூடத்தில் ஒரே ஒரு கேமராதான் இருக்கும். அது வஹீதாவின் தோளில் இருக்கும். படம் ஒரு ஆண் கண்ணில் படக்கூடாது, இணையத்தில் ஏறக்கூடாது, கடைக்குப் போகக்கூடாது. முடித்துக் கொடுத்ததும் அழித்துவிட வேண்டும். அமானிதம் என்பார்கள் அந்த வீட்டுப் பெரிய பெண்கள். நம்பி ஒப்படைத்த பொருள். யாரும் எழுதி வாங்குவதில்லை. அவள் தலையாட்டுவதுதான் வாக்கு.

அந்த வாக்கு அவள் வீட்டுக்குள்ளும் செல்லும். கணவன் பரக்கத் அலி உள்ளறைக்கு வருவதற்கு முன் இருமுவார். அவள் திரையை அணைப்பாள். பிறகுதான் வருவார். ஷார்ஜாவில் ஸ்டோர்கீப்பராக இருந்துவிட்டுத் திரும்பி, இப்போது அரியமங்கலத்தில் ஒரு டைல்ஸ் குடோனைப் பார்த்துக்கொள்கிறார். இத்தனை வருஷத்தில் மனைவி செய்து முடித்த ஒரு படத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. எத்தனை வீட்டுப் படம், என்ன பெயரில் வைக்கிறாள் என்று கேட்டதும் இல்லை. கேட்பதே பார்ப்பதில் பாதி என்று நினைத்தாரோ என்னவோ.

அவருக்குத் தெரியாத ஒன்று அந்தப் பெட்டிக்குள் இருந்தது. வஹீதா எதையும் அழிக்கவில்லை.

ஆரம்பத்தில் அழித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருதடவை மறந்துபோய் விட்டுவைத்த படத்தைத் தேடி ஒரு பெண் வந்தாள். அவளுடைய அம்மா மௌத்தாகி, இறந்த நாற்பதாம் நாளும் கழிந்திருந்தது. அந்த அம்மா போட்டோவுக்கே நிற்காதவர். நலங்குப் பாட்டின்போது பின்வரிசையில் கைதட்டிக்கொண்டிருந்தது மட்டும் படத்தில் இருந்தது. அந்தப் பெண் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வஹீதாவின் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போகவில்லை. அழிச்சாச்சா என்று கேட்கிறவர்களிடம் அழிச்சாச்சு என்று சொல்வாள். சொல்லிவிட்டு இரண்டு நாளைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

திரையில் ஆலியாவின் கை இறங்கியது. வஹீதா சேமித்துவிட்டு எழுந்தாள்.

அன்று சாயங்காலம் பரக்கத் அலி இருமிவிட்டு உள்ளே வந்தபோது, அணைந்த திரைக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, மெஷினை மாற்றிவிடலாமா என்று கேட்டார். மாற்ற வேண்டியதுதான் என்றாள். போன வருஷம் வாங்கிய புதுக் கேமராவின் படத்தைத் தாங்க இந்தப் பழைய பெட்டிக்குத் தெம்பு இல்லை. ஆனால் நாற்பதாயிரத்துக்கு மேல் அவர்களிடம் இல்லை. புதிதாக முழு மெஷின் என்றால் அதைப் போல இரண்டு மடங்கு ஆகும். எதை மாற்றுவது, எதை விடுவது என்பதுதான் பேச்சு.

குடோனில் லோடு இறக்க வருகிற பையன்கள் எல்லாரும் கிராபிக்ஸ் கார்டு என்ற ஒரே பதிலைத்தான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஸ்ரீரங்கத்தில் ஒருவர் பழைய கார்டு ஒன்றை விற்பதாக அவர் செல்போனில் பார்த்து வைத்திருந்தார். மறுநாள் காலையிலேயே ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். காவிரியில் தண்ணீர் இல்லை. மணல் நடுவே ஒரு மெல்லிய ஓட்டம். ஒருத்தி அதில் உட்கார்ந்து துணி அலசிக்கொண்டிருந்தாள். பாலத்தின் மேல் வண்டிகள் நகராமல் நின்றபோது பரக்கத் அலி திரும்பாமல் கேட்டார்.

"டெஸ்ட் பண்ணிப் பாக்க ஏதாவது படம் எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன். ஆளில்லாத படம்."

அவர் சிரித்தது தோள் குலுங்கியதில் தெரிந்தது.

அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு அடுக்குமாடி வீடு. சித்தார்த்தன் துவாக்குடிப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே டிராயிங் போட்டுக் கொடுக்கிறவன். முப்பது வயதுக்குள் இருக்கும். உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, கார்டைக் கழற்றாமல் அப்படியே ஓட்டிக் காட்டுகிறேன் என்றான். வஹீதா பென்டிரைவை நீட்டினாள். அதில் இருந்தது பாலக்கரை மண்டபத்தின் காலிக்கூடம். விருந்தாளிகள் வருவதற்கு முன் வெளிச்சம் சரிபார்க்க எடுத்தது. நாற்காலிகள், மேடை, தொங்கும் மல்லிகைச் சரம். அவனுடைய மெஷினில் அந்தச் சரம் தடுக்காமல் அசைந்தது. வஹீதா மூச்சை விட்டாள்.

பரக்கத் அலி பணத்துக்காகச் சட்டைப்பைக்குக் கையைக் கொண்டுபோனார். சித்தார்த்தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கட்டத்தைத் திறந்தான்.

"அக்கா, இதப் பாருங்க. கார்டு தூங்குது. கோடு மேல ஏறவே இல்ல பாருங்க."

"பின்ன எது ஓட்டுது?"

"பிராசசருக்குள்ளயே ஒரு சின்னக் கிராபிக்ஸ் இருக்கு. உங்க கேமரா எடுக்குற மாதிரிப் படத்தப் பிரிக்க அதுக்குத்தான் தெரியும். இந்தக் கார்டுக்குத் தெரியாது. உங்க பழைய பிராசசருக்கும் தெரியாது. நீங்க இத வாங்கிட்டுப் போய் மாட்டினாலும் அங்க அப்படியேதான் நிக்கும்."

பரக்கத் அலியின் கை சட்டைப்பையிலேயே இருந்தது. "அப்ப உங்களுக்கு யாவாரம் போச்சேங்க."

"போகட்டும் சார். நாளைக்கு எனக்குப் போன் பண்ணித் திட்டுவீங்கள்ல."

கார்டு வேண்டாம். பன்னிரண்டாம் தலைமுறைக்கு மேல் ஒரு நடுத்தரப் பிராசசர், அதற்கேற்ற போர்டு, ரேம் முப்பத்திரண்டு, வேகமான எஸ்எஸ்டி டிஸ்க். மிச்சம் இருந்தால் நல்ல பவர் சப்ளை. பெட்டியும் மானிட்டரும் பழசே போதும். சித்தார்த்தன் சொன்னதை வஹீதா மனதுக்குள் திரும்பச் சொல்லிக்கொண்டே படியிறங்கினாள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடியில் அமிர்தராஜின் கடை. அவரும் அதையே சொன்னார். ஆனால் ரேம் விலை தங்கம் மாதிரி ஏறிவிட்டதாகவும், கணக்குப் போட்டால் நாற்பதைத் தாண்டுவதாகவும் வருத்தப்பட்டார். பவர் சப்ளையைக் குறைத்துக்கொள்ளலாமா என்று பரக்கத் அலி கேட்டதற்கு, ஏறி இறங்குகிற காட்டூர் கரண்டுக்கு அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்றார். பழைய போர்டு, ரேம் எல்லாவற்றையும் எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னபிறகு கணக்கு நேராயிற்று.

வஹீதா ஒரே ஒரு விஷயம் கேட்டாள். மாட்டுவதற்குக் கடையில் வேலை செய்யும் லிசி வீட்டுக்கு வர வேண்டும். லிசிதான் அந்தக் கடையில் இருக்கும் ஒரே பெண். வியாழக்கிழமை அனுப்புவதாக அமிர்தராஜ் ஒப்புக்கொண்டார். ஏன் லிசி என்று அவர் கேட்கவில்லை. பரக்கத் அலியும் கேட்கவில்லை. வீட்டில் ஆம்பளை இல்லாத நேரத்துக்குத் தோதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை வஹீதாவுக்கு உறையூரில் ஒரு நிக்காஹ். லிசி மத்தியானம்தானே வருவாள் என்று கிளம்பிப் போனாள். அவளுடைய போனும் மற்றவர்கள் போனோடு தொட்டிக்குள் கிடந்தது. பதினொரு மணிக்கு அமிர்தராஜ் பரக்கத் அலியைக் கூப்பிட்டார். லிசிக்குக் காய்ச்சல். திங்கட்கிழமைதான் வருவாள். பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தால் ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன்.

திங்கள் என்றால் ஆலியா போயிருப்பாள். பரக்கத் அலி வஹீதாவுக்கு மூன்று தடவை போன் போட்டார். பிறகு குடோனில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, பெட்டியைப் பெட்ஷீட்டில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனார். அவர் மனதில் அதில் இருந்தது ஆலியாவின் கல்யாணம் ஒன்றுதான். மற்றதெல்லாம் அழிச்சாச்சு என்று வஹீதா எத்தனையோ பேரிடம் போனில் சொன்னதைக் கேட்டிருக்கிறார்.

கடையில் அவர் செய்ததைப் பிறகு அமிர்தராஜே சொன்னார். படம் இருக்கிற அந்த ஒரு போல்டரைத் திறக்காமல் புது டிஸ்க்குக்கு மாற்றச் சொல்லிவிட்டு, சார் கடை வாசலில் போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார். உட்காருங்கள் என்றதற்கும் திரும்பவில்லை. டீ வாங்கிக் கொடுத்ததையும் முதுகைக் காட்டிக்கொண்டே குடித்தார்.

வஹீதா வீடு திரும்பியபோது பள்ளிவாசலில் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பரக்கத் அலி வாசலிலேயே நின்றிருந்தார். முகத்தில் ஒரு சின்னப் பையனின் பெருமை. ஒன்றும் சொல்லாமல் அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போய்ப் பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வந்து நின்றார். முன்பு அந்த மெஷின் எழுந்திருப்பதற்குள் அவள் தொழுகைக்கு ஒளுச் செய்துவிட்டு வந்துவிடுவாள். இப்போது உட்காருவதற்குள் எழுந்துவிட்டது. அவள் ஆலியாவின் மருதாணியைத் திறந்தாள். கை நீண்டது, இறங்கியது. பைத் முழுதாகக் கேட்டது. நடுவில் வெட்டினாள், முன்னால் இழுத்தாள், பின்னால் தள்ளினாள். எதற்கும் நிற்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எப்படி இருக்கு?" என்றார் திரைச்சீலைக்கு வெளியிலிருந்து.

"நல்லா இருக்குங்க. ரொம்ப நல்லா இருக்கு. லிசி எப்ப வந்தா?"

அவர் சொன்னார். காய்ச்சல், ஆட்டோ, பெட்ஷீட், எல்லாம் சொன்னார். படம்தான் புதுசுக்கு வந்துவிட்டதே என்று எக்ஸ்சேஞ்சில் பழைய டிஸ்க்கையும் சேர்த்துக் கொடுத்ததில் ரேமுக்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள் என்றார்.

அவர் இருமினார். திரை அணையவில்லை. இன்னொரு தடவை இருமிவிட்டுச் சீலையின் ஓரமாக எட்டிப் பார்த்தார். அவள் திரையைப் பார்க்கவில்லை. திறந்திருந்த பெட்டிக்குள், டிஸ்க் இருந்த காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழிக்கலங்க," என்றாள். "ஒண்ணையும் அழிக்கல."

அவர் சீலையைப் பிடித்தபடியே நின்றார். அவளுக்கு அவர் கத்தினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. கத்தவில்லை. கீழ்வீட்டில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"நான் ஒருதடவ பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்," என்றார் கடைசியில். "பாக்கக் கூடாதுன்னுதானே பாக்காம இருந்தேன்."

ஸ்கூட்டரில் சத்திரத்துக்குக் கிளம்பினார்கள். பால்பண்ணை ரவுண்டானாவில் சிக்னலுக்கு நின்றபோது அவர் கை பின்னால் வந்து, அவள் பையைப் பிடித்திருந்த கையின்மேல் ஒரு கணம் இருந்துவிட்டு, ஹாண்டில்பாருக்குப் போனது.

அமிர்தராஜின் மேஜைக்கடியில் ஒரு அட்டைப்பெட்டியில் பழைய டிஸ்க்குகள் கிடந்தன. மறுநாள் காலை சென்னைக்குப் பார்சல் போகவேண்டியவை. வஹீதாவே மண்டியிட்டுத் தேடி எடுத்தாள். அவள் ஒட்டியிருந்த பச்சை ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. எக்ஸ்சேஞ்சில் கழித்த தொகையைப் பரக்கத் அலி மேஜைமேல் வைத்தார். வேண்டாம் சார் என்று தள்ளினார் அமிர்தராஜ். அவர் திரும்ப வைத்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்," என்றாள் வஹீதா. "மறைக்காமச் சொல்லணும்."

"பேரெல்லாம் பாத்தேம்மா," என்றார் அவர், அவள் கேட்பதற்கு முன்பே. "காப்பி பண்றப்போ வரிசையா வந்துச்சு. பாலக்கரை, உறையூர், தென்னூர்னு. திறக்கல. எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு."

"கடையில வேற யாரும்?"

"மத்தியானம் நான் சாப்பிடப் போனேன். பசங்க இருந்தாங்க. அவங்க தொட்டிருக்க மாட்டாங்க. ஆனா நான் இல்லையே, என்னன்னு சத்தியம் பண்ணுவேன்?"

அந்த நேர்மை அவளை இன்னும் பயப்படுத்தியது. அவர் சத்தியம் செய்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.

அன்று அவர்கள் சமைக்கவில்லை. வழியில் வாங்கிவந்த பரோட்டாவைப் பிரித்து வைத்துக்கொண்டு பரக்கத் அலி மெதுவாக ஒரு யோசனை சொன்னார். டிஸ்க் கைக்கு வந்துவிட்டது. எல்லாவற்றையும் இப்போதே அழித்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அழிச்சாச்சு என்று சொன்னது நிஜமாகிவிடும். வஹீதா ஒரு துண்டைப் பிய்த்துச் சால்னாவில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்தாள். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் என்றைக்காவது எங்கேயாவது ஒரு படம் வெளியே வந்தால், அந்த வீட்டுப் பெண்ணுக்கு அது எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் போகும். தன் வீட்டுக்குள்ளேயே யாரையோ சந்தேகப்படுவாள்.

"சொல்லிடுறேங்க," என்றாள். "முதல்ல சபுரா மாமிகிட்ட. அவங்க வீட்டு வேல நடக்கிறப்பதான் இது வெளிய போச்சு."

"சொன்னா இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்க வஹீதா. இப்பத்தான் மெஷின் வாங்கிருக்கோம்."

"ஆமாங்க."

அவள் கையில் இருந்த துண்டை வாங்கித் தட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

ஆலியாவின் படம் மறுநாள் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன்பே முடிந்துவிட்டது. ஒரு வாரம் இழுத்தது ஒரு காலையில் முடிந்ததில் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. முடித்தபின் ஒருதடவை முழுதாக ஓட்டிப் பார்த்தாள். நலங்கில் சபுரா பீவி எங்கேயும் கிட்டத்தில் இல்லை. வெள்ளைச் சேலையில், கதவோரத்தில், சில இடங்களில் தோள் மட்டும், சில இடங்களில் அதுவும் இல்லாமல். மகளுக்கு மருதாணி வைத்தது அத்தைமார்கள். மூன்று வருஷத்துக்கு முன் சபுராவின் கணவர் மௌத்தானதிலிருந்து அப்படித்தான். கிட்டே வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் யாரும் சொல்லவில்லை.

பாலக்கரையில் சபுரா பீவியின் வீட்டில் பெட்டிகள் பாதி கட்டியபடி கிடந்தன. கூடத்தில் ஊறுகாய்ப் பாட்டில்களை ஒருத்தி பாலித்தீனில் சுற்றிக்கொண்டிருந்தாள். சபுரா பீவி பென்டிரைவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே வா என்று தன் அறைக்குக் கூட்டிப்போனாள். வஹீதா உட்காராமலே சொன்னாள். கடையில் ஆரம்பித்து, பின்னோக்கிப் போய், அழித்துவிட்டேன் என்று சொன்ன பொய்கள் வரைக்கும் சொன்னாள்.

சபுரா பீவி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ ஆலியாவைக் கூப்பிட்டு எடை மெஷின் எங்கே என்று கேட்டார்கள்.

"உன் வீட்டுக்காரரு பாத்தாரா?"

"இல்ல மாமி. அவர் என்னைக்கும் பாத்ததில்ல."

"கடைக்காரரு?"

"திறக்கலன்னார்."

"வேற யாராச்சும்?"

"தெரியாது மாமி."

சபுரா பீவி தலையை நிமிர்த்தி அவளை முதல்முறையாகப் பார்த்தாள். கோபம் இருந்ததா என்று வஹீதாவுக்குப் படிக்கத் தெரியவில்லை.

"நான் வந்து உக்காருறேன்," என்றாள். "என் கண்ணு முன்னாடி அழி. உன் வார்த்தைய இன்னொரு தடவ நம்ப முடியாது புள்ள."

திங்கட்கிழமை, மகளை அனுப்பிவைத்த கண்வீக்கத்தோடு, சபுரா பீவி ஆட்டோவில் காட்டூர் வந்தாள். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. பரக்கத் அலி சலாம் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். உள்ளறையில் இரண்டு நாற்காலிகள். வஹீதா பழைய டிஸ்க்கைப் புது மெஷினில் மாட்டியிருந்தாள். நடுவில் இருந்த நாட்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்திருந்தாள். சிலர் திட்டினார்கள். ஒருத்தி போனை வைத்துவிட்டாள். தென்னூர்க்காரி ஒருத்தி மட்டும், அழிக்கிறதுக்கு முன்னால் எனக்கு ஒரு பிரதி கொடுத்துவிடு என்று அழுதாள். அதைத் தனியே எடுத்து வைத்தாகிவிட்டது. அடுத்த மாதத்துக்குச் சொல்லியிருந்த மூன்று வீடுகள் வேண்டாம் என்றுவிட்டன.

பெயரை வாசிப்பாள். சபுரா பீவி ம் என்பாள். பழைய டிஸ்க்கிலும் கடையில் புதுசுக்கு ஏற்றிய பிரதியிலும் அழிப்பாள். இப்படியே போய்க்கொண்டிருந்தது. உறையூர் மெஹராஜ் வீடு என்று வாசித்தபோது சபுரா பீவி ம் சொல்லவில்லை.

"மெஹராஜ் என் நாத்தனா மக. அது எந்த வருஷம்?"

"அஞ்சு வருஷம் இருக்கும் மாமி."

"தெற."

வஹீதா திறந்தாள். போன வாரம் வரைக்கும் பழைய மெஷினில் படங்கள் தடுக்கித் தடுக்கித்தான் ஓடிக்கொண்டிருந்தன. முகங்கள் பாதியில் நின்று, உதடுகள் பிந்தி அசைந்து. இப்போது ஒரு தடங்கலும் இல்லை. நலங்குப் பாய், சிறு செம்பில் சந்தனம், பெண்ணின் குனிந்த தலை. அதற்கு நேர் எதிரே, பாயின் நடுவில், இலைப்பச்சைப் பட்டில் சபுரா பீவி. முக்காடு தோளுக்கு இறங்கியிருந்தது. கையில் கரண்டியை வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் மூக்கை அளந்து பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். சுற்றியிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். பாடிக்கொண்டிருந்தவளுக்கே சிரிப்புத் தாங்காமல் அடி மறந்துபோய், கரண்டியால் வாயை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. கண்ணோரத்தில் ஈரம் திரண்டு, வழிந்து, புறங்கையால் துடைத்தது வரைக்கும் ஒரு இடத்திலும் நிற்காமல் ஓடியது.

நாற்காலியில் இருந்த சபுரா பீவியின் உதடுகள் மெல்ல அசைந்தன. மறந்துபோன அந்த அடியைத் தேடுகிற மாதிரி இருந்தது.

படம் முடிந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது அது மனுஷர்களைப் பார்த்துத்தான் சுற்றியது.

"இதயும் அழிச்சிடு," என்றாள் சபுரா பீவி.

"மாமி, வேணும்னா உங்களுக்கு மட்டும் பென்டிரைவுல..."

"எதுக்கு? பாத்துட்டேன்ல."

வஹீதா அழுத்தினாள். பழைய மெஷின் என்றால் ஒரு நீலக்கோடு ஊர்ந்துகொண்டிருக்கும். வேண்டாம் என்று மனது மாற நேரம் இருக்கும். இதில் பெயர் இருந்த இடம் சட்டென்று காலியாகி, கீழே இருந்த பெயர் மேலே வந்து உட்கார்ந்துகொண்டது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மாமி."

சபுரா பீவி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பரக்கத் அலி இருமினார். வஹீதா திரையை அணைத்தாள். அவர் டீயை வாசற்படியில் வைத்துவிட்டு, முகத்தைக் கூடத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு போனார்.

டீயை ஊதி ஊதிக் குடித்தாள் சபுரா பீவி. பாதி டம்ளரில் நிறுத்தினாள்.

"பக்ரீது கழிச்சு சின்னவளுக்கு நாள் வச்சிருக்கு. நீயே வா. முடிஞ்சதும் இதே மாதிரி நான் வந்து உக்காருவேன்."

வஹீதா தலையாட்டினாள்.

"கதவுப் பக்கம் வெளிச்சம் வேணாம்," என்றாள் சபுரா பீவி, டம்ளரைக் கீழே வைத்தபடி. "பாயிக்கு நேரா வைய்யி. நான் அங்க உக்காருவேன்."

பிறகு இருண்ட திரையைக் கண்ணால் காட்டினாள்.

"ம். அடுத்த பேர வாசி."